திறவுகோலும் அமானிதமே: அலுவலகக் கணிப்பொறிகளில் ஆளுகையும் அணுகலும்

கருவிகள் மாறலாம், கடமைகள் மாறுவதில்லை. முன்னாளில் நம் கல்லூரி அலுவலகங்களில் மதிப்பெண் பதிவேடும் கட்டணப் பேரேடும் இரும்பு அலமாரியில் இருந்தன. அதன் சாவிக்கொத்து அலுவலகக் கண்காணிப்பாளரின் பொறுப்பில் இருந்தது. எந்தப் பதிவேட்டை யார் எடுத்தார், எப்போது திருப்பி வைத்தார் என்பதை ஒரு குறிப்பேடு சொல்லிற்று. இன்று அவ்வலமாரியின் பணியைக் கணிப்பொறி ஏற்றுக்கொண்டுள்ளது. முற்பகலில் கட்டணப் பிரிவு எழுத்தரும், பிற்பகலில் தேர்வுப் பிரிவு எழுத்தரும், இடையிடையே துறைத் தலைவர்களும் அதே பொறியின் முன் அமர்கின்றனர். மாணவரின் சாதிச் சான்று, பெற்றோரின் வருமானம், உதவித்தொகைக்கான வங்கிக் கணக்கு எண், அகமதிப்பெண் ஆகிய அனைத்தும் அதனுள் அடக்கம்.

அலமாரிக்குச் சாவி இருந்ததுபோல் இப்பொறிக்குச் சாவி எது? அஃது யாரிடம் இருத்தல் வேண்டும்? ஒருவர்க்கு எவ்வளவு திறக்கலாம், எவ்வளவு மூடி வைக்கலாம்? இவை கணிப்பொறித் துறையினர்க்கே உரிய வினாக்கள் என்று ஏனையோர் ஒதுங்கிவிடுதல் தகாது. பொறியைப் பற்றியனபோல் தோன்றினும் இவை மனிதரின் பொறுப்பைப் பற்றிய வினாக்களேயாம். ஆதலின், இவற்றைத் தமிழ்த்துறையின் இம்மலரில் ஆராய்வது பொருத்தமுடையதே என்று கருதுகின்றோம்.

பலர்க்கும் ஒரு பொறி

கணிப்பொறியின் தொடக்க நாட்களில் ஒரு நேரத்தில் ஒருவர் பணியே அதில் நடைபெற்றது. துளையிட்ட அட்டைகளைக் கொடுத்துவிட்டு விடைக்காகக் காத்திருப்பர். இந்நிலையை மாற்றிய முயற்சிகளுள் தலையாயது, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1961ஆம் ஆண்டு பெர்னாண்டோ கோர்பட்டோ தலைமையில் செய்து காட்டப்பட்ட நேரப் பகிர்வு முறையாகும். சி.டி.எஸ்.எஸ். என்பது அதன் சுருக்கப் பெயர். ஒரே பொறியைப் பலர் ஒரே வேளையில், தட்டச்சு முனையங்களில் அமர்ந்து, தமக்கே உரியது போலப் பயன்படுத்த முடிந்தது.

பலர் ஒரு வீட்டில் குடியேறினால் அறைகளுக்குத் தாழ்ப்பாள் வேண்டுமன்றோ? ஒருவர் கோப்பை மற்றவர் அழித்துவிடாமல் காக்கவும், ஒருவர்க்கு ஒதுக்கிய நேரத்தை மற்றவர் எடுத்துக்கொள்ளாமல் தடுக்கவும், ஒவ்வொருவர்க்கும் ஒரு பெயரும் கடவுச்சொல்லும் அளிக்கப்பட்டன. இன்று நாம் பாஸ்வேர்டு என்று வழங்கும் கடவுச்சொல் கணிப்பொறியில் இடம்பெற்ற மிகப் பழைய சான்றுகளுள் இஃது ஒன்று.

தாழ்ப்பாள் வந்த மறு ஆண்டே அதைத் தாண்டும் வழியும் வந்தது. ஆலன் ஷெர் என்னும் ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கப்பட்ட நேரம் ஆய்வுக்குப் போதாமையால், 1962இல் கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பையே அச்சிட்டுத் தருமாறு பொறிக்குக் கட்டளை அட்டை கொடுத்து, அதைப் பெற்றும் விட்டார். பிறர் பெயரில் நுழைந்து பணி செய்தார். பல ஆண்டுகள் கழிந்த பின்னர் அவரே இதனை வெளியிட்டார்.

இதனினும் ஆழ்ந்த படிப்பினை தருவது அதே பொறியில் நேர்ந்த பிறிதொரு நிகழ்ச்சி. 1990ஆம் ஆண்டுக்குரிய டூரிங் விருதைப் பெற்ற கோர்பட்டோ, விருதேற்புரையில் இதனை விரிவாக எடுத்துரைத்துள்ளார். அம்முறையில் ஒரு கோப்பகத்தில் ஒரு நேரத்தில் ஒருவரே பணியாற்றலாம் என்பது விதி. பொறியைப் பேணும் வல்லுநர்கள் ஏறத்தாழப் பன்னிருவராகப் பெருகியபோது, இவ்விதி தம் வேலைக்கு இடையூறு என்றனர். தங்களுக்கு மட்டும் விலக்கு வேண்டினர். பிழை நேராமல் பார்த்துக்கொள்வோம் என்று உறுதியும் கூறினர். விலக்கு அளிக்கப்பட்டது. ஒரு நாள் இருவர் ஒரே வேளையில் அக்கோப்பகத்தினுள் நுழைந்தனர். ஒருவர் அன்றைய அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். மற்றவர் கடவுச்சொல் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். திருத்தும் மென்பொருளோ இருவர்க்கும் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பை உண்டாக்கிற்று. இரண்டும் இடம் மாறின. அதன்பின் பொறியினுள் நுழைந்தவர்க்கெல்லாம் அன்றைய அறிவிப்புக்கு மாறாக, அனைவரின் கடவுச்சொற்களும் கண்முன் வந்து நின்றன!

இங்கே களவு இல்லை, வஞ்சனை இல்லை, திறமைக் குறைவும் இல்லை. மேலாண்மை செய்வோர் தமக்கென்று கேட்டுப் பெற்ற ஒரு விலக்கே வாயிலாயிற்று. பொதுப் பெயரில் பலர் நுழைவதால் வரும் தீங்குக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

நிருவாகி உடையவர் அல்லர்

பின்னர்த் தோன்றிய பொறியியக்க முறைகள் இவற்றிலிருந்து பாடம் கற்றன. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1969இல் தொடங்கிய யூனிக்ஸ் முறையில், ஒவ்வொரு கோப்புக்கும் உரியவர், அவர்தம் குழுவினர், ஏனையோர் என மூவகையினர் குறிக்கப்படுவர். ஒவ்வொரு வகையினர்க்கும் படித்தல், எழுதுதல், இயக்குதல் என்னும் மூன்று உரிமைகளைத் தனித்தனியே அளிக்கலாம், மறுக்கவும் செய்யலாம். மதிப்பெண் பட்டியலைத் தேர்வுப் பிரிவினர் எழுதலாம், துறைத் தலைவர் படிக்க மட்டும் செய்யலாம், ஏனையோர் காணவும் இயலாது என்று வகுப்பது இவ்வாறே கைகூடுகின்றது.

இவ்வேலிகள் அனைத்தையும் கடக்கவல்ல ஒருவர் அங்கே உண்டு. யூனிக்ஸ் அவரை 'ரூட்' என்கின்றது. விண்டோஸ் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்கின்றது. நாம் நிருவாகி என்போம். புதிய மென்பொருளை நிறுவுதல், பயனரைச் சேர்த்தல், நீக்குதல், மறந்துபோன கடவுச்சொல்லை மாற்றிக் கொடுத்தல் ஆகியன அவர் பணிகள். அவர் ஒரு கட்டளை இட்டால் பொறி மறுப்பதில்லை. முழுவதையும் அழி என்றாலும் அழித்துவிடும்.

இத்தகையவரை நம் அலுவலகங்கள் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொண்டுள்ளன. நிருவாகியின் பெயர் பதவிப் பெருமை என்று எண்ணி, "முதல்வருக்கு அது கட்டாயம் இருக்க வேண்டும்" என்போர் உளர். வேலை எளிதாகும் என்று எல்லார்க்கும் அதனைக் கொடுத்துவிடுவோரும் உளர். இரண்டும் பிழை. வக்ஃபுச் சொத்துக்கும் முத்தவல்லிக்கும் உள்ள உறவை நினைந்தால் உண்மை விளங்கும். முத்தவல்லி அச்சொத்தின் உடையவர் அல்லர், அதனைப் பேணுபவர், கணக்குக் காட்டும் கடமையுடையவர். வாடகை வாங்கும் உரிமை அவர்க்கு உண்டு. அவ்வாடகையைத் தமதாக்கிக்கொள்ளும் உரிமை இல்லை. அவ்வாறே, கணிப்பொறியின் நிருவாகி எல்லாக் கோப்பையும் திறக்க இயலும். அதனாலேயே எல்லாக் கோப்பையும் படிக்கத் தக்கவர் ஆகிவிடமாட்டார். இயலுமை வேறு; உரிமை வேறு. இவ்வேறுபாட்டை உணர்வதே இத்துறையின் முதற்பாடம்.

மூன்று வினாக்கள்

அணுகலை வரையறுக்கும் முறைகள் பல வகையினவாயினும், அவை மூன்று வினாக்களுள் அடங்கும். நீ யார்? உனக்கு எவ்வளவு உரிமை? நீ செய்தது யாது? முதல் வினாவுக்கு விடை பெயரும் கடவுச்சொல்லும். இக்காலத்தில் விரல் ரேகையும் கைப்பேசிக்கு வரும் ஒருமுறை எண்ணும் துணை செய்கின்றன. இரண்டாம் வினாவுக்கு விடை உரிமைப் பட்டியல். மூன்றாம் வினாவுக்கு விடை பொறியே எழுதி வைக்கும் நிகழ்ச்சிப் பதிவு. முதல் வினாவுக்குச் சரியான விடை இல்லையெனில் பின்னைய இரண்டும் பொருளற்றுப் போகும். நால்வர் ஒரே பெயரில் நுழைந்தால், "நீ செய்தது யாது?" என்பதற்கு அப்பதிவு யாரைச் சுட்டும்?

உரிமையை எவ்வளவு அளிப்பது என்பதற்கு, ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்னும் அறிஞர் இருவர் 1975இல் வெளியிட்ட கட்டுரை நெறி வகுத்தது. ஒவ்வொருவர்க்கும், ஒவ்வொரு மென்பொருளுக்கும், மேற்கொண்ட பணிக்குத் தேவையான அளவு உரிமையே அளிக்கப்பட வேண்டும். மிகுதி கூடாது என்பது அவற்றுள் ஒன்று. மேலும், முதன்மையான செயல்களுக்கு ஒரு சாவியினும் இரு சாவிகள் சிறந்தன என்பதும் அவர்தம் கொள்கை. வங்கியின் பாதுகாப்புப் பெட்டகத்தை வாடிக்கையாளர் சாவியும் வங்கியாளர் சாவியும் சேர்ந்தே திறப்பதை நாம் அறிவோம்.

குறைந்த உரிமை ஏன் நன்று? தீயோரைத் தடுப்பதற்கு மட்டும் என்று எண்ணலாகாது. நல்லோரும் தவறுவர், தவறும்போது அத்தவற்றின் எல்லை, அவர் பெற்றிருந்த உரிமையின் எல்லையே. நிருவாகியின் பெயரில் நுழைந்த ஒருவர், வந்த அஞ்சலொன்றின் இணைப்பைத் திறக்க, அதனுள் நச்சு நிரல் இருந்தால், அந்நிரலும் நிருவாகிக்குரிய உரிமையோடு இயங்கும். எளிய பயனராக நுழைந்திருந்தால் சேதம் பெரும்பாலும் அவர் தொடத்தக்க கோப்புகளோடு நின்றிருக்கும். விண்டோஸ் வரலாறு இதற்குச் சான்று. விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் பயனர்க்கும் நிருவாகிக்கும் இடையே உண்மையான வேலி இல்லை. 1993இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி.யில் அவ்வேலி இருந்தது. அதன் வழிவந்த எக்ஸ்.பி. 2001இல் இல்லந்தோறும் புகுந்தபோது, பெரும்பாலோர் நிருவாகியாகவே அன்றாடம் நுழைந்தனர்; வேலி இருந்தும் பயனில்லை. 2007இல் மக்களிடம் வந்த விஸ்டா முதலாகவே, முதன்மையான மாற்றம் செய்யுமுன் பொறி இடைமறித்து இசைவு கேட்கத் தொடங்கிற்று. அக்கேள்வியைப் படியாமலே 'ஆம்' என்று அழுத்துவோரை எந்தப் பொறியும் காக்க இயலாது.

ஆளுக்கு அன்று, பணிக்கு உரிமை

பெரிய நிறுவனங்களில் ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே உரிமை எழுதுதல் பெருஞ்சுமை. ஆதலின், 1992இல் டேவிட் ஃபெராயோலோ, ரிச்சர்டு கூன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் பணிவழி அணுகல் என்னும் முறையை வரையறுத்து முன்வைத்தனர். உரிமை ஆளுக்கு அளிக்கப்படுவதில்லை, பணிக்கு அளிக்கப்படும். கட்டண எழுத்தர், தேர்வு எழுத்தர், நூலகர், விடுதிக் காப்பாளர் எனப் பணிகளை வகுத்து, அப்பணியில் இருப்பவரை அதில் சேர்த்துவிட வேண்டும். அவர் மாறினால் உரிமையும் உடன் மாறும். தேர்வுப் பிரிவிலிருந்து நூலகத்துக்கு மாற்றப்பட்டவர், பழைய மதிப்பெண் கோப்பைத் தொடர்ந்து திறக்க வழியிராது.

இக்கருத்து நம் தமிழ் மரபுக்குப் புதியதன்று. வள்ளுவர் 'தெரிந்து வினையாடல்' என்று ஓர் அதிகாரமே வகுத்து, ஆளையும் வினையையும் ஆராய்ந்து பொருத்துதலை வற்புறுத்துகின்றார். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியன. அவை ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம் எனப் பணிகளைப் பிரித்துக் காட்டுகின்றன. முன்னர்ப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் குடவோலையில் இடம்பெறத் தகுதியற்றவர் என்றும் விதிக்கின்றன. பணிக்கு வரையறை, பொறுப்புக்குக் காலம், செயலுக்குக் கணக்கு ஆகிய மூன்றும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டப்பட்டுள்ளன.

இருவகைக் கேடு

நடைமுறையில் காணும் கேடுகள் இருவகையின. ஒரு சாவியை எல்லாரும் வைத்திருத்தல் ஒன்று. எல்லாச் சாவியையும் ஒருவரே வைத்திருத்தல் மற்றொன்று.

முன்னதற்கு யாம் அறிந்த ஓர் அலுவலகத்தின் நிகழ்ச்சியைச் சுட்டுவோம். அங்கே ஐவர்க்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். அதுவும் ஒரு துண்டுத் தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருந்தது. கட்டணச் சலுகை பெறுவோர் பட்டியலிலிருந்து தந்தையை இழந்த மாணவர் ஒருவரின் பெயர் ஒரு நாள் மறைந்துபோயிற்று. நீக்கியவர் யார் என்று வினவப்பட்டது. பொறியின் பதிவு அப்பொதுப் பெயரையே காட்டிற்று. ஐவருள் நால்வர் நிலையான பணியினர். ஒருவர் தற்காலிகமாகச் சேர்ந்திருந்த இளம்பெண். பழி யார்மேல் விழுந்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? அவர் அழுதுகொண்டே வேலையை விட்டுச் சென்றார். செய்தவர் யார் என்பது இன்றளவும் தெரியவில்லை. அவர் குற்றமுடையவர் என்பதற்கும் சான்றில்லை. குற்றமற்றவர் என்று காட்டுவதற்கும் வழியில்லை. மாணவர்க்குச் சலுகை பின்னர்க் கிடைத்தது. அப்பெண்ணுக்கு இழந்த நற்பெயர் கிடைத்ததா என்பதை யாம் அறியோம்.

பின்னதற்கு உலகறிந்த சான்று, அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகராட்சியில் 2008ஆம் ஆண்டு நிகழ்ந்தது. நகரின் கணிப்பொறி வலையமைப்பைப் பேணிய பொறியாளர் ஒருவர், அதன் கடவுச்சொற்களைத் தம்மிடமே வைத்திருந்து, மேலதிகாரிகள் கேட்டபோது தர மறுத்தார். அவர்கள் அதனைக் கையாளத் தகுதியற்றோர் என்பது அவர் எண்ணம். வலையமைப்பு தொடர்ந்து இயங்கிற்று. ஆயினும் அதில் ஒரு மாற்றமும் செய்ய நகராட்சியால் இயலவில்லை. கைது செய்யப்பட்டுச் சிறையிலிருந்தபோது, தம்மைக் காண வந்த நகரத் தலைவரிடமே கடவுச்சொற்களை ஒப்படைத்தார். 2010இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, நான்காண்டுத் தண்டனை பெற்றார். அவர் பணம் களவாடவில்லை, பொறியைச் சிதைக்கவில்லை. தம்மிடம் ஒப்படைக்கப்பட்டதைத் தமது என்று எண்ணியதே குற்றமாயிற்று. ஒருவரே எல்லாவற்றையும் அறிந்திருக்குமாறு விட்டுவைத்த அமைப்பின் குறையையும் இந்நிகழ்ச்சி வெளிப்படுத்திற்று.

நம் அலுவலகங்கள் செய்யத்தக்கன

பெரும்பொருட்செலவின்றியே நாம் செய்யத்தக்கன பல. பொறியைப் பயன்படுத்தும் ஒவ்வொருவர்க்கும், தற்காலிகப் பணியினர் உட்பட, தனிப்பெயர் அளித்தல் வேண்டும். நிருவாகியாக இருப்பவரும் கடிதம் தட்டச்சு செய்யவும் அஞ்சல் பார்க்கவும் எளிய பயனர் பெயரிலேயே நுழைதல் வேண்டும்; மேலாண்மைப் பணி வரும்போது மட்டும் நிருவாகிப் பெயரை எடுக்க வேண்டும். நிருவாகிப் பொறுப்பு இருவரிடம், அவரவர் தனிப்பெயரில் இருத்தல் நன்று. நெருக்கடிக்கான கடவுச்சொல் ஒன்றை உறையிலிட்டு, ஒட்டிய இடத்தின்மேல் இருவர் கையொப்பமிட்டு, முதல்வரின் பெட்டகத்தில் வைக்கலாம். உறை பிரிக்கப்பட்டால் அன்றே புதிய கடவுச்சொல் அமைத்துப் புதிய உறையிடுதல் வேண்டும்.

ஒருவர் ஓய்வு பெறும் நாளில் அடையாள அட்டையைத் திரும்பப் பெறுகின்றோம். அன்றே அவர் பெயரையும் பொறியில் முடக்குதல் வேண்டும். அழித்துவிடாமல் முடக்குதலே தக்கது. பழைய பதிவுகளில் அப்பெயர் தேவைப்படும். இருக்கையை விட்டு எழும்போது விண்டோஸ் விசையோடு 'எல்' விசையையும் அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும். கடவுச்சொல் நீளமானதாக இருத்தல் சிறப்பு. மாதந்தோறும் கட்டாயமாக மாற்றச் சொன்னால், மக்கள் எளிய சொற்களையே நாடுவர். கசிந்ததற்கான அறிகுறி இருந்தாலன்றிக் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்கத் தரநிறுவனமும் 2017இல் அறிவுறுத்தியது. இவற்றோடு, கோப்புகளின் படியொன்றை வேறிடத்தில் வைத்தலும் இன்றியமையாதது. பொறியையே தூக்கிச் செல்பவனுக்கு முன் உரிமைப் பட்டியல் மட்டும் போதாது. வட்டினை மறையீடு செய்து வைத்தலும் வேண்டும்.

சட்டமும் இதில் வாய் மூடி இருக்கவில்லை. நம் நாட்டின் 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் பின்னர்ச் சேர்க்கப்பட்டு 2009இல் நடைமுறைக்கு வந்த 66சி பிரிவு, பிறர் கடவுச்சொல்லை வஞ்சகமாகவோ நேர்மையின்றியோ பயன்படுத்துவோர்க்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கின்றது.

வரம்பு அவநம்பிக்கை அன்று

இவற்றைச் சொல்லும்போது எழும் மறுப்பு ஒன்றுண்டு. "இத்தனை ஆண்டு உடன் பணியாற்றுகின்றோம், என்னை நம்பவில்லையா?" என்பதே அது. நம் மண்ணில் உறவும் மரியாதையும் பெரிதாகலின், மூத்தவர் கேட்டால் கடவுச்சொல்லைச் சொல்லாதிருத்தல் இளையோர்க்குக் கடினமே. இவ்வினாவுக்குத் தெளிவான விடை கூறுதல் வேண்டும். வரம்பு என்பது அவநம்பிக்கையின் அடையாளம் அன்று. நம்பப்பட்டவரின் மானத்துக்கு இடப்பட்ட வேலி. தனிப்பெயர் இருந்திருந்தால் அவ்விளம்பெண்ணின் கண்ணீருக்கு இடமிருந்திராது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துச் சாட்சியும் வைக்குமாறு திருக்குர்ஆன் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனத்தில் பணிப்பது, நம்பிக்கையாளர்களை நோக்கியேயாகும். எழுத்து, நட்பைக் கெடுப்பதற்கன்று, காப்பதற்கே.

திறவுகோல் குறித்து இஸ்லாமிய வரலாறு போற்றும் நிகழ்ச்சி ஒன்றையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும். ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு, கி.பி. 630இல், மக்கா வெற்றி கொள்ளப்பட்ட நாளில் கஅபாவின் திறவுகோல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கைக்கு வந்தது. அதனைத் தம் குடும்பத்தார்க்கு அளிக்குமாறு நெருங்கிய உறவினரே வேண்டினர் என்பர். அண்ணலாரோ, வழிவழியாக அதனைக் காத்துவந்த குடும்பத்தைச் சேர்ந்த உஸ்மான் இப்னு தல்ஹா (ரலி) அவர்களை அழைத்து அவரிடமே ஒப்படைத்தார்கள். அமானிதங்களை உரியவரிடம் சேர்ப்பிக்கப் பணிக்கும் அன்னிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனத்தை விரிவுரையாளர்கள் இந்நிகழ்ச்சியோடு இணைத்துரைப்பர். அத்திறவுகோல் இன்றும் பனூ ஷைபா குடும்பத்தாரிடமே உள்ளது. வென்றவர் கையில் எல்லாம் இருந்த வேளையிலும், திறவுகோல் யாருடைய பொறுப்போ அவரிடமே சென்றது.

கணிப்பொறியின் கடவுச்சொல் கண்ணுக்குத் தெரியாத திறவுகோல். அதன் பின்னே இருப்பவை வெறும் எழுத்தும் எண்ணும் அல்ல. ஓர் ஏழை மாணவனின் உதவித்தொகை, ஒரு மாணவியின் மதிப்பெண், ஒரு குடும்பத்தின் மறைபொருள். அவற்றை நம்மிடம் ஒப்படைத்தோர் நம் முகத்தைக்கூட அறியார், கல்லூரியை நம்பினர். அந்நம்பிக்கைக்கு ஈடாக, ஒவ்வொருவரும் தமக்குரிய சாவியைத் தாமே காத்து, தமக்குரியதல்லாத கதவைத் திறவாதிருத்தல் வேண்டும். இந்நெறியை மாணவப் பருவத்திலேயே பழகுவோர், நாளை எந்த அலுவலகத்தில் அமரினும் அங்கே அமானிதம் பேணும் நல்லோராய் விளங்குவர் என்பது எம் நம்பிக்கை.